பணியாளர் ஏழு

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் தொண்டை வலி தேவலையா, புது அறையில் மின்விசிறி ஓடுகிறதா? இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

தினமும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நீ "சாப்பிட்டேன்" என்கிறாய், அவள் "என்ன சாப்பிட்டே" என்கிறாள், அத்தோடு நேரம் முடிந்துவிடுகிறது. கடிதத்தில்தான் நாம் இருவரும் தனியாகப் பேச முடியும். அம்மா அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கமாட்டாள். மருத்துவமனைப் பதிவேட்டு அறையில் இருபது வருடமாக நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். அடுத்தவர் காகிதத்தை எட்டிப் பார்ப்பது அவளுக்குப் பாவம்.

மேல்வீட்டு டீச்சர் நேற்று உன் வேலையைப் பற்றிக் கேட்டார். ஆலோசனை நிறுவனத்தில் அனலிஸ்ட் என்று நான் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. அம்மா உடனே, "பெரிய பெரிய கம்பெனிக்காரங்களுக்கு யோசிக்க நேரமில்ல. அவங்களுக்குப் பதிலா எம் பொண்ணு யோசிக்கிறா" என்றாள். டீச்சர் வெகு மரியாதையாகத் தலையாட்டினார்.

சரியாகத்தான் சொன்னாளா? விவரமாக எழுது. நான் பத்தாம் வகுப்பு, எதையும் தாங்குவேன்.

உன் தங்கை

பி.கு. உன் மேசை விளக்கை நான் எடுத்துக்கொண்டேன். கேட்காமல் எடுத்தது தவறு என்பதால் இங்கே தெரிவிக்கிறேன்.

---

ஜூன் 24

என் அன்பு அடிக்குறிப்புக்கு,

எதைச் சொன்னாலும் கீழே ஒரு வரி சேர்க்கிற உனக்கு நான் வைத்த பட்டப்பெயர் இன்னும் பொருந்துகிறது. தொண்டை சரியாகிவிட்டது. மின்விசிறி ஓடுகிறது, ஆனால் லாரி மேடு ஏறுகிற மாதிரி சத்தம்.

அம்மா கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டாள். யோசிக்கிறவர்கள் எனக்கு மேலே நான்கு படி இருக்கிறார்கள். நான் அவர்கள் யோசிப்பதற்கான எண்களை எக்செல்லில் அடுக்கி, ஸ்லைடில் பெட்டி பெட்டியாகப் போடுகிறேன். ஒரு பெட்டி மயிரிழை விலகியிருந்தாலும் எங்கள் மேனேஜர் கண்டுபிடித்துவிடுகிறார். எண்கள் சரியாக இருந்தாலும் ஓரத்தில் சிவப்பில் "அதனால் என்ன?" என்று எழுதித் திருப்பி அனுப்புகிறார். முதல் வாரம் அழுகை வந்தது. இப்போது அவர் கேட்பதற்கு முன்பே நானே கேட்டுக்கொள்கிறேன்.

பதினெட்டாவது மாடி. யாருக்கும் சொந்த மேசை கிடையாது, காலையில் முதலில் வந்தவருக்கு ஜன்னல் ஓரம். எனக்கு இன்னும் கழிவறைப் பக்கம்தான்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு மரத்தின் பெயர். என்னுடையது புங்கை. அறிக்கை முடியும் வரை வாடிக்கையாளர் யார் என்று என்னைப் போன்ற புதியவர்களுக்குச் சொல்லமாட்டார்கள், வெளி வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் தெரியும். ஆனால், "வாடிக்கையாளரிடம் உங்கள் உறவினர் யாரும் வேலை செய்யவில்லையே?" என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். யாரென்றே தெரியாதவரிடம் யார் வேலை செய்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் "இல்லை" என்று டிக் அடித்தார்கள், நானும் அடித்தேன்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்.

உன் அக்கா

---

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து ஏறுகிறாள். கேட்டால் படிக்கட்டைக் குறை சொல்கிறாள்.

உன் மேனேஜரின் கேள்வியை என் கட்டுரையில் சோதித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் "அதனால் என்ன?" என்று கேட்டு, பதில் இல்லாத பத்திகளை அடித்தேன். ஆறு பக்கக் கட்டுரை ஒன்றரைப் பக்கம் ஆனது. தமிழாசிரியை, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அம்மாவின் அலுவலகத்துக்கும் உன் மாதிரி ஆட்கள் வரப்போகிறார்கள். பதிவேட்டு அறையில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு வாரம் நின்று பார்ப்பார்களாம். அங்கே ஒன்பது பேர். ஐந்து பேர் போதும் என்று முடிவு செய்துவிட்டு அதற்குக் காரணம் தேடத்தான் வருகிறார்கள் என்கிறார் ஏணி அத்தை. (மேல் தட்டுக் கோப்புகளை எடுக்க எப்போதும் ஏணியிலேயே இருப்பாரே, அவர்தான்.) மீதி நான்கு பேரை ஊரின் மறுகோடியில் இருக்கிற கிளைக்கு அனுப்புவார்களாம். இரண்டு பஸ், அதற்கு மேல் ஒரு மேம்பாலம். அம்மாவால் அந்தப் படிகளை ஏற முடியாது அக்கா. அனுப்பினால் வேலையை விட வேண்டியதுதான்.

அம்மா பயப்படவில்லை. "வர்றவங்களும் வேலைதானே செய்ய வர்றாங்க" என்கிறாள்.

உன் தங்கை

---

ஜூலை 20

அன்பு அடிக்குறிப்புக்கு,

நலம். அவசரக் கடிதம், மன்னித்துக்கொள்.

வீண் வதந்தியை நம்பி அம்மாவைப் பயமுறுத்தாதே. இப்படிப்பட்ட ஆய்வுகள் நூற்றுக்கணக்கில் நடக்கின்றன, பாதி அறிக்கைகளை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. எங்கள் புங்கையும் ஏதோ மூன்று இடங்கள்தான். தாளில் அ, ஆ, இ என்று மட்டும் இருக்கிறது. அடுத்த வாரம் என் பக்கத்து மேசைக்காரி எண்கள் சேகரிக்க வெளியே போகிறாள், அவள் அனுப்புவதை நான் அடுக்க வேண்டும். பாவம், அவளுக்கு இருமல் நிற்கவே இல்லை.

நவம்பர் கடைசியில் எனக்கு ஆறு மாதம் முடிகிறது. அன்றுதான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். அதன் பிறகு அம்மாவை வேலையை விடச் சொல்லி நானே சண்டை போடுவேன். அதுவரை அந்தப் படிக்கட்டோடு அவளே சண்டை போடட்டும்.

அக்கா

---

ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகவே அம்மா கேட்கச் சொன்னாள். காரணம் கீழே.

போன வாரம் முழுக்க அம்மாவின் பக்கத்தில் ஒரு பெண் நின்று ஒன்பது பேரும் செய்வதைக் குறிப்பெடுத்தாளாம். உன் வயதுதான் இருக்குமாம், எந்தக் கம்பெனி என்று மட்டும் சொல்லவில்லையாம். முதல் நாளே அம்மா அவளுக்கு நாற்காலி போட்டுவிட்டாள். இரண்டாம் நாளிலிருந்து வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோனாள். ஒரே நோயாளிக்கு வெவ்வேறு வருடத்தில் இரண்டு மூன்று கோப்புகள் போட்டிருப்பார்கள் அல்லவா? அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது, நீல நூலால் எப்படிச் சேர்த்துத் தைப்பது என்றெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாளாம். தைக்காவிட்டால் டாக்டர் பாதி நோயைத்தான் பார்ப்பார் என்பது அம்மாவின் வாதம்.

ஏணி அத்தை, "உனக்கென்ன பைத்தியமா, அவ நம்மள எண்ண வந்திருக்கா, நீ உபசாரம் பண்றே" என்று திட்டினாராம். அதற்கு அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என் பொண்ணும் எங்கேயோ இப்படித்தான் கால் கடுக்க நிக்கும். அங்க யாராவது ஒரு நாற்காலி போடமாட்டாங்களா?"

இதை வாய்விட்டுப் படித்தால் எனக்கு அழுகை வரும். எழுதும்போது வரவில்லை.

உன் தங்கை

---

ஆகஸ்ட் 27

அன்பு அடிக்குறிப்புக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது.

சில விஷயங்கள் தெரிய வேண்டும். நீயாக நினைவிலிருந்து எழுது, அம்மாவிடம் போய்க் கேட்காதே. அந்தப் பெண் எத்தனை நாள் அம்மாவின் பக்கத்தில் இருந்தாள்? அவள் டேப்லெட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடித்தபோது அம்மா என்ன செய்தாள்?

வேறு ஒன்றுமில்லை. ஒழுங்காகத் தூங்கு.

அக்கா

---

செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு இருவரும் நலம். வரிசையாகப் பதில்:

ஐந்து நாளும் இருந்தாள். மணி அடித்தபோது அம்மா என்ன செய்தாள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் தினமும் சாயங்காலம் அதைச் சொல்வாள். அந்தப் பெண்ணுக்குக் கடுமையான இருமல். மருந்து சாப்பிடும் நேரத்தை நினைவூட்டத்தான் மணி அடிக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அதனால் ஒவ்வொரு தடவையும் கையில் இருக்கிற கோப்பை வைத்துவிட்டு, "மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாளாம். "எத்தனை மாத்திரைதான் எழுதிக் கொடுத்திருக்காங்களோ அந்தப் புள்ளைக்கு" என்று ஒரே கவலை.

இப்போது என் கேள்வி. மணியைப் பற்றியோ டேப்லெட்டைப் பற்றியோ நான் உனக்கு எழுதவே இல்லை. என் கடிதங்களுக்கெல்லாம் நகல் வைத்திருக்கிறேன், இரண்டு முறை சரிபார்த்தேன். உன் பக்கத்து மேசைக்காரிக்கும் இருமல் என்று நீதான் எழுதியிருந்தாய்.

அக்கா, புங்கை என்பது அம்மாவின் மருத்துவமனையா?

உன் தங்கை

---

செப்டம்பர் 29

அக்காவுக்கு,

நலம். போன கடிதம் எழுதி இருபத்தாறு நாள் ஆகிறது. போனில் நீ மழையைப் பற்றிப் பேசுகிறாய். நடுவில் நான் இருமிக் காட்டினேன், அப்போதும் நீ மழையைத்தான் பேசினாய்.

நீ பதில் சொல்லாததால் நானே யோசித்தேன். மணி அடிக்கிற நொடியில் ஒருவர் என்ன செய்கிறாரோ அதைத்தான் குறிப்பார்கள் போலிருக்கிறது. அப்படியானால் அந்த வாரம் முழுக்க அம்மா சும்மா பேசிக்கொண்டிருந்ததாகத்தான் தாளில் இருக்கும். அந்தத் தாள் உன்னிடம்தான் இருக்கிறது. நீ ஒரு எண்ணை மாற்றினால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? பொய்கூட இல்லை, அம்மா உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறவள்தானே?

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். மேலே இருக்கிற பத்தியை அடிக்கலாம் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. நான் அப்படி நினைத்தது உனக்குத் தெரியட்டும்.

தங்கை

---

அக்டோபர் 11

என் அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை நீ கேட்பாய் என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அதனால் ஒரு கதை சொல்கிறேன். கதை என்றே வைத்துக்கொள்.

ஓர் அனலிஸ்ட்டிடம் ஒரு தாள் வந்தது. அதில் பெயர்கள் இல்லை, பணியாளர் ஒன்று, இரண்டு என்று எண்கள்தான். கோப்பு எடுத்தல் ஒரு கட்டம், திருப்பி வைத்தல் ஒரு கட்டம், மற்றதெல்லாம் "வேலையற்ற நேரம்". பணியாளர் ஏழுக்கு வேலையற்ற நேரம் அறுபத்து மூன்று சதவீதம், ஒன்பது பேரில் கடைசி இடம். குறிப்பில் ஒரு வரி: "பேசிக்கொண்டே நீல நூலால் கோப்புகளைத் தைக்கிறார்." அவள் அந்த வரியைப் பார்த்த பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டாள்.

உடனே மேனேஜரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஐந்து வாரம் அந்தத் தாளைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஒரு நாள் அறுபத்து மூன்றை முப்பத்தாறு என்று மாற்றினாள். மற்ற கட்டங்களையும் சரிக்கட்டினாள். அழகாக இருந்தது, கூட்டல்கூட இடிக்கவில்லை. பிறகு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பழையபடி மாற்றினாள். ஆக, நீ நினைத்ததை நான் செய்தே பார்த்துவிட்டேன். உன் பத்தியை நீ அடிக்காததற்கு நன்றி.

போன வாரம் அவள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் கேட்டது, "எண்ணை மாத்தணுமா?" என்று. வேண்டாம், மறுபடி எண்ண வேண்டும், அந்த எண்களை நான் அல்லாத யாராவது அடுக்க வேண்டும் என்றாள். எண்ணப் போகிறவர் அங்கே எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, கோப்புகளைச் சேர்ப்பதற்குத் தாளில் தனிக் கட்டம் வேண்டும் என்றாள். அவர் பேனாவை மூடி வைத்தார். "நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அதுதான் எனக்குக் கோபம்" என்றார்.

அன்றைக்கே அவளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி அந்தத் தாளை அவள் பார்க்க முடியாது. நவம்பரில் நிரந்தரம் கிடையாது. ஐந்து வாரம் மறைத்ததற்காக இன்னும் ஆறு மாதம் பார்ப்பார்களாம். இந்தத் தடவை எண்கள் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியாது. இன்னும் மோசமாகவும் வரலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். மறுபடி எண்ண வருவார்கள். அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாதே. பேசாதே என்றும் சொல்லாதே, பேசு என்றும் சொல்லாதே. அவள் எப்படி இருப்பாளோ அப்படியே இருக்கட்டும். எதிலும் கை வைக்காமல் இருக்க என்னால் முடியாதென்றுதான் எல்லாவற்றையும் சொல்லி வெளியே வந்தேன், உன்னால் முடியும்.

அக்கா

---

நவம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தக் கடிதத்துக்கு நகல் எடுக்கவில்லை, உன்னுடைய முந்தைய கடிதத்தையும் பத்திரமான இடத்தில் வைத்திருக்கிறேன். (எந்த இடம் என்று எழுதுவது பத்திரம் இல்லை.)

மறுபடி வந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் அம்மா பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்தாள். "வேறொரு பொண்ணு வருதாம், இதுக்கு என்ன உடம்போ" என்றாள். அதை எடுத்துப் போகாதே என்று மூன்றே சொற்கள். வாய் வரை வந்துவிட்டன. நான் போய்ப் பல் துலக்கினேன். மணி ஏழுகூட ஆகவில்லை, அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஐந்து நாளும் அம்மா பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டுதான் போனாள். ஐந்து நாளும் அது நிறைந்தபடியே திரும்பி வந்தது. அந்தப் பெண் நாற்காலியில் உட்காரவில்லை, எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாளாம். அம்மாவும் மூன்றாம் நாளோடு கேட்பதை விட்டுவிட்டுத் தன் கோப்புகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அவளுக்கு இது பெரிய வருத்தம். சாப்பிடும்போது சொன்னாள்: "வாயில பூட்டுப் போட்டு அனுப்பியிருக்காங்க அந்தப் புள்ளைய. எவ அதோட மேலதிகாரியோ தெரியல, ஈரமே இல்லாதவளா இருப்பா போல. நம்ம பொண்ணு அப்படி யாருகிட்டயும் மாட்டிக்கக் கூடாது."

நான் தண்ணீர் குடித்தேன். இரண்டு டம்ளர் குடித்தேன்.

உன் தங்கை

---

டிசம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். அம்மாவே இன்றிரவு போனில் சொல்வாள், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். பலகையில் ஐந்து பெயர்கள் ஒட்டியிருக்கிறார்கள். அம்மா இரண்டாவது.

கோப்பு சேர்ப்பதைத் தனி வேலையாகக் கணக்கில் எடுத்ததில் அம்மா மேலே வந்துவிட்டாளாம். அறிக்கையைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் படித்தார்கள்.

ஆனால் ஏணி அத்தை பெயர் இல்லை. முதல் தடவை அவர்தான் முதலிடத்தில் இருந்தாராம். இரண்டாவது தடவை எண்ணியதில் கீழே போய்விட்டார். ஏணியில் ஏறி வேகமாக எடுப்பார், ஆனால் சேர்த்துத் தைக்கமாட்டார், அது அம்மாவின் வேலை என்று விட்டுவிடுவார். அடுத்த மாதத்திலிருந்து மறுகோடிக் கிளை. அம்மாவிடம், "அங்கயும் ஒரு ஏணி இல்லாமலா போயிடும்" என்று சொல்லிச் சிரித்தாராம். பிறகு மதியம் தனியாகப் போய்ச் சாப்பிட்டாராம்.

அம்மா சந்தோஷமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. "எதுக்கு ரெண்டாவது தடவ எண்ணுனாங்க?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். என்னிடம்தான் கேட்கிறாள். என்னால் இதற்கு மேல் பல் துலக்க முடியாது அக்கா.

உன் தங்கை

---

டிசம்பர் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்காலும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்?

உனக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போனில் சொல்லலாம், ஆனால் நான் பாதியில் "சாப்பிட்டேன்" என்று சொல்லி வைத்துவிடுவேன். அறிக்கை வெளியாகிவிட்டது, அதனால் எனக்கு இனி வாய்ப்பூட்டு இல்லை.

உங்களை எண்ணியது எங்கள் நிறுவனம். அந்த எண்கள் என் மேசைக்குத்தான் வந்தன. பணியாளர் ஏழு நீ என்று தெரிந்தும் ஐந்து வாரம் யாரிடமும் சொல்லவில்லை, பிறகு சொன்னேன். இரண்டாவது தடவை எண்ணச் சொன்னது நான். அந்தப் பெண் வாயில் பூட்டுப் போடச் சொன்னதும் நான்தான். அவளுடைய மேலதிகாரியைத் திட்டாதே, அவர் நல்லவர். இருமல்காரி என் பக்கத்து மேசைதான். நீ கொடுத்த வெந்நீரைப் பற்றி அவள் இங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். உன்னை யாரென்று தெரியாமலே சொன்னாள், நானும் தெரியாதவள் போலவே கேட்டுக்கொண்டேன்.

என்னை நிரந்தரமாக்குவது மே மாதத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. தங்கைக்கு எல்லாம் தெரியும். சொல்லக் கூடாது என்று நான்தான் சொன்னேன், அவளை ஒன்றும் சொல்லாதே.

இரண்டாவது தடவை எண்ணியதுதான் சரி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அத்தையின் பெயர் கீழே போகும் என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்தத் தாளில் எனக்கு உன் வரி மட்டும்தான் கண்ணில் பட்டது. மற்ற எட்டு பேரும் எனக்கு எண்களாகவே இருந்தார்கள்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். முதலில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டு, அப்புறம்தான் நம் வீட்டுக்கு. என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. நீ கூட வர வேண்டாம். அத்தை வீட்டுக்கு வழி மட்டும் எழுது, பஸ் நிறுத்தத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று.

உன் மூத்த மகள்